ஆர்சிஸ்லாக்கில் திறந்திருப்பது 42 ஃபைல்தான், ஆனாலும் ராத்திரி லாக் காணாமல் போகிறது. எங்கே பார்ப்பது?

கேபிள்கட்டு – செவ்வாய் இரவு 11:40

வணக்கம். ஒரு பொறியியல் கல்லூரியில் நெட்வொர்க் பார்த்துக்கொள்கிறேன். ஆள் இரண்டு பேர், ஒருவர் லீவு போட்டால் நான் மட்டும். மூன்று ஹாஸ்டல், ஐந்து பிளாக். ஸ்விட்ச் 46, வைஃபை கன்ட்ரோலர் இரண்டு, ஃபயர்வால் ஒன்று, மீதி லினக்ஸ் சர்வர்களும் லேப் மெஷின்களும். மொத்தம் 212 பெட்டிகள் தங்கள் நடப்புப் பதிவுகளை (லாக்) ஒரே லாக் சர்வருக்கு அனுப்புகின்றன. டெபியன் 12, லாக்கை வாங்கி ஃபைலில் எழுத ஆர்சிஸ்லாக், வருவது யூடிபி 514 போர்ட்டில். லாக் எல்லாம் போய் உட்கார்வது என்எஃப்எஸ் வழியாக மவுன்ட் செய்த ஒரு நாஸ் பெட்டியில், அதாவது நெட்வொர்க் வழியாகத் தொடுகிற தனி டிஸ்க் பெட்டியில்.

பெட்டிக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் புரோகிராமுக்கு ஒரு ஃபைல். ஹோஸ்ட்நேம், புரோகிராம்நேம் இரண்டையும் டெம்ப்ளேட்டில் வைத்து நானே எழுதியது. எழுதிய அன்று பெருமையாகத்தான் இருந்தது.

போன வாரம் ஹாஸ்டல் வார்டன் ஒரு ஐபியைக் கொடுத்து, ராத்திரி 9:14க்கு இது எந்த அறை என்று கேட்டார். வைஃபை கன்ட்ரோலர் லாகில் 9:12 இருக்கிறது. அடுத்தது 9:17. நடுவில் ஒரு வரி இல்லை. ஐந்து நிமிடம் ஹாஸ்டலில் ஒருவரும் ஃபோனைத் தொடவில்லை என்று நான் சொன்னால் வார்டனே சிரிப்பார். 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டதை எல்லா மீட்டிங்கிலும் எடுத்துச் சொல்கிற ஆள் நான்தான். வைத்திருக்கிறேன், ஓட்டையோடு.

முதலில் சந்தேகப்பட்டது ஓப்பன் ஃபைல் வரம்பை. சர்வீஸ் ஃபைலில் 16384 என்று இருக்கிறது. திறந்திருக்கிற ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் போட்டு எண்ணினால் 41, 42, 43. அதைத் தாண்டவே இல்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன், அசையவில்லை. டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலி. சிபியு சும்மா இருக்கிறது, லோட் மட்டும் 5 காட்டுகிறது.

அப்புறம் ஆர்சிஸ்லாக் தன் எண்களைத் தானே எழுதுகிற இம்ப்ஸ்டாட்ஸ் மாட்யூலை ஏற்றினேன். இன்று 9 மணிக்கு ரீஸ்டார்ட் செய்ததும் 9:05க்கு வந்த முதல் தொகுப்பிலிருந்து கொஞ்சம்:

டைனாஃபைல் கேஷ்: ரிக்வெஸ்ட்ஸ் 1,18,420, லெவல்0 9,310, மிஸ்ட் 1,04,876, எவிக்டெட் 1,04,866, மேக்ஸ்யூஸ்டு 10, க்ளோஸ்டைம்அவுட்ஸ் 0.

மெயின் க்யூ: சைஸ் 49,980, என்க்யூடு 1,68,400, ஃபுல் 3,107, டிஸ்கார்டெட் ஃபுல் 0, டிஸ்கார்டெட் என்எஃப் 0.

ரிசோர்ஸ் யூசேஜில் ஓப்பன்ஃபைல்ஸ் 42.

டிஸ்கார்டெட் சைபர் என்றால் ஒன்றையும் கீழே போடவில்லை என்றுதானே அர்த்தம்? அப்படியானால் என் லாக் எங்கே போயிற்று? இன்னொரு விசித்திரம்: டெயில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன், 9:10க்கான ஸ்டாட்ஸ் வரி 9:12 தாண்டித்தான் ஃபைலில் விழுந்தது.

ஃபோனில் தமிழ் கீபோர்டில் அடிக்கிறேன், கமாண்டுகளைக் காதால் படித்துக்கொள்ளுங்கள்.


நள்ளிரவுஷிஃப்ட் – செவ்வாய் இரவு 11:58

ப்ரோ, டிஸ்கார்டெட் என்பது டீமன் (பின்னணியில் ஓடும் ஆர்சிஸ்லாக்) கைக்கு வந்தபிறகு அது தூக்கிப்போட்டதன் கணக்கு. கைக்கே வராமல் போனது அதற்கு எப்படித் தெரியும்? யூடிபி பாக்கெட் முதலில் கர்னலின் சாக்கெட் பஃபரில் வந்து நிற்கும். ஆர்சிஸ்லாக் எடுக்கத் தாமதமானால் அங்கேயே வழிந்து போய்விடும். ப்ராக் ஃபோல்டருக்குள் நெட், அதற்குள் யூடிபி என்று ஒரு ஃபைல் இருக்கிறது. கேட் போட்டால் கடைசி காலம் ட்ராப்ஸ். போர்ட் ஹெக்ஸில் இருக்கும், 514 என்பது 0202. நாளை ராத்திரி அதே மாதிரி ரீஸ்டார்ட் செய்து ஐந்தாவது நிமிடம் பாருங்கள்.

சாக்கெட் பஃபரைப் பெரிதாக்கலாம். ஆனால் அது வாளியைப் பெரிதாக்குகிற வேலை, குழாய் அடைப்பு அப்படியேதான் இருக்கும்.


பழையமரம் – புதன் காலை 6:15

தம்பி, நல்ல கேள்வி. எண்களைப் போட்டுக் கேட்டிருக்கிறீர்கள், அதற்கே ஒரு காபி வாங்கித் தரலாம். பெரும்பாலும் “லாக் வரவில்லை, உதவுங்கள்” என்று ஒரு வரியோடு நின்றுவிடுவார்கள்.

மிஸ்டிலிருந்து எவிக்டெட்டைக் கழித்துப் பாருங்கள். சரியாக 10. மேக்ஸ்யூஸ்டும் 10. இது தற்செயல் இல்லை. டெம்ப்ளேட்டில் பெயர் மாறுகிற ஃபைல்களை ஆர்சிஸ்லாக் ஒரு கேஷில் திறந்து வைத்துக்கொள்ளும். அதன் அளவு டைனாஃபைல் கேஷ் சைஸ். நீங்கள் ஒன்றும் கொடுக்காவிட்டால் 10. முதல் 10 ஃபைல் உள்ளே வந்தது. அதற்குப்பிறகு ஒவ்வொரு புது ஃபைலுக்கும், இருப்பதில் நெடுநேரம் தொடாததை மூடிவிட்டுத்தான் இடம் கொடுக்கிறது. கேஷில் இல்லாமல் புதிதாகத் திறக்கிறதை மிஸ்ட் எண்ணுகிறது, மூடுகிறதைத்தான் எவிக்டெட் எண்ணுகிறது.

கல்யாணப் பந்தியில் 10 இலை மட்டும் போட்டு, ஒருவர் ஒரு கவளம் சாப்பிட்டதும் எழுப்பிவிட்டு அடுத்தவரை உட்காரவைத்தால் எப்படி இருக்கும்? எப்போது எட்டிப் பார்த்தாலும் பந்தியில் 10 பேர்தான். கூட்டமே இல்லையே, பிறகு ஏன் சாப்பாடு நகரமாட்டேன் என்கிறது என்று சமையல்காரரைத் திட்டுவோம். உங்கள் எல்எஸ்ஓஎஃப் எட்டிப் பார்க்கிற கண். அது ஒரு கணத்தைத்தான் காட்டும். ஐந்து நிமிடத்தில் ஒரு லட்சத்து நாலாயிரம் முறை எழுந்து உட்கார்ந்தது அதில் தெரியாது. 42 என்று அசையாமல் நின்றதே, அதுதான் நோயின் அறிகுறி. 212 பெட்டி, பல நூறு புரோகிராம் என்றால் அந்த எண் ஆயிரத்தைத் தாண்டியிருக்க வேண்டும்.

வினாடிக்கு 350 ஓப்பன், 350 க்ளோஸ். லோக்கல் டிஸ்க் என்றால் லினக்ஸ் இதைப் பொருட்படுத்தவே செய்யாது, நீங்களும் வருடக்கணக்கில் கவனித்திருக்க மாட்டீர்கள். ஆனால் உங்களுடையது என்எஃப்எஸ். அங்கே ஒரு ஃபைலை மூடினால், எழுதியது எல்லாம் சர்வருக்குப் போய்ச் சேரும்வரை க்ளோஸ் திரும்பி வராது. திறக்கும்போதும் ஒருமுறை போய் விசாரித்துவிட்டு வரும். ஒரு மூடித்திறத்தலுக்கு மூன்று மில்லி வினாடி என்று வையுங்கள். 350 முறை செய்தால் ஒரு வினாடி முடிந்தது. சிபியு சும்மா இருந்து லோட் ஏறுவதும் அதனால்தான். ஆள் வேலை செய்யவில்லை, நாஸ் வாசலில் நிற்கிறான்.

9:10 வரி 9:12க்கு வந்த கதை: நீங்கள் ஸ்டாட்ஸையும் அதே மெயின் க்யூ வழியாகத்தானே அனுப்புகிறீர்கள்? அதுவும் வரிசையில் நிற்கிறது. க்யூவில் 50,000, வெளியே போவது வினாடிக்கு 395. வகுத்தால் 127 வினாடி. கணக்கு பிசகாமல் வருகிறது, பாருங்கள். இம்ப்ஸ்டாட்ஸில் லாக் ஃபைல் என்று ஒரு பாராமீட்டர் உண்டு. அதற்கு லோக்கல் டிஸ்க்கில் ஒரு பாதை கொடுத்து, லாக் சிஸ்லாக்கை ஆஃப் செய்யுங்கள். அப்போது க்யூ முட்டி நின்றாலும் எண்கள் நேரத்துக்கு வரும். ஜுரம் வந்தவனிடமே தெர்மாமீட்டரைக் கொடுத்து ஓடிப்போய்ப் படித்துவிட்டு வா என்று சொல்லக் கூடாது.

இப்போதைக்கு இரண்டு வேலை. கேஷ் சைஸை 2000 ஆக்குங்கள். ஃபைலுக்கு 4 கேபி பஃபர் என்றாலும் மொத்தம் 8 எம்பிதான், 16384 வரம்புக்குள்ளும் இருக்கிறது. லட்சம் என்றெல்லாம் போடாதீர்கள். அந்தக் கேஷை முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் தேடுகிறது. இரண்டாவது, ஆக்‌ஷனுக்குப் பெயர் வையுங்கள். இல்லாவிட்டால் ஸ்டாட்ஸில் ஆக்‌ஷன் 3, ஆக்‌ஷன் 7 என்றுதான் வரும். ஆறு மாதம் கழித்து எது எது என்று உங்களுக்கே தெரியாது.


கேபிள்கட்டு – புதன் இரவு 9:31

ஐயா, கழித்துப் பார்க்கத் தோன்றவே இல்லை எனக்கு.

நள்ளிரவுஷிஃப்ட் சொன்னபடி இன்றும் 9 மணிக்கு ரீஸ்டார்ட் செய்தேன். 9:05க்கு ட்ராப்ஸ் 78,412. டீமன் கணக்கில் சைபர், கர்னல் கணக்கில் 78 ஆயிரம். தேடிய 9:14ம் இப்படித்தான் போயிருக்கும்.

ஒரு புரோகிராம் கர்னலிடம் கேட்பதையெல்லாம் காட்டுகிற எஸ்ட்ரேஸை எண்ணிக்கை மோடில் 10 வினாடி ஓட்டிப் பார்த்தேன். ஃபைலைத் திறக்கிற ஓப்பன்அட் 3,471. நீங்கள் சொன்ன 350ஐ நேரில் பார்த்தபோது கொஞ்சம் சிலிர்த்தது.

ஆனால் ஒரு சிக்கல். கேஷ் சைஸை 2000 ஆக மாற்றி, செக் செய்து, எச்யூபி சிக்னல் அனுப்பினேன். ஸ்டாட்ஸில் மேக்ஸ்யூஸ்டு இன்னும் 10தான். மிஸ்டுக்கும் எவிக்டெட்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் 20 ஆகிவிட்டது. ஸ்பெல்லிங் தப்போ என்று நாலு முறை பார்த்தேன்.


நள்ளிரவுஷிஃப்ட் – புதன் இரவு 9:36

எச்யூபி ஆர்சிஸ்லாக்கில் கான்ஃபிகை மறுபடி படிக்காது ப்ரோ. ஃபைல்களை மூடிவிடும், அடுத்த வரி வரும்போது புதிதாகத் திறக்கும். பழைய லாகை ஒதுக்கிவிட்டுப் புது ஃபைல் தொடங்குகிற லாக்ரொட்டேட்டுக்காக உள்ளது அது. நீங்கள் எச்யூபி அடித்ததும் கேஷில் இருந்த 10ம் எவிக்ஷன் கணக்கில் சேராமல் மூடப்பட்டது, அப்புறம் புதிதாக 10 வந்தது. அதனால்தான் 20. ரீஸ்டார்ட் போடுங்கள்.

எல்லோரும் ஒருமுறை இதில் விழுந்திருக்கிறோம். நான் விழுந்தது ஒரு பேங்க் சர்வரில், அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.


கேபிள்கட்டு – புதன் இரவு 10:20

ரீஸ்டார்ட் செய்தேன். முதல் ஐந்து நிமிடம்: ரிக்வெஸ்ட்ஸ் 2,46,900, மிஸ்ட் 1,140, எவிக்டெட் 0, மேக்ஸ்யூஸ்டு 1,140. மெயின் க்யூ சைஸ் 3. ட்ராப்ஸ் 0. லோட் 0.4.

ரிக்வெஸ்ட்ஸ் இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருப்பதைப் பாருங்கள். அதாவது இவ்வளவு நாளும் வந்ததில் பாதியைக்கூட நான் எழுதிவைக்கவில்லை. சந்தோஷப்படுவதா, போன ஆறு மாதத்தை நினைத்து வயிற்றைக் கலக்குவதா என்று தெரியவில்லை. இருந்தாலும், ரொம்ப நன்றி ஐயா. முடிந்தது என்று குறித்துவிடுகிறேன்.


பழையமரம் – வியாழன் காலை 6:02

குறிக்காதீர்கள். இரண்டு நாள் பாருங்கள். 1,140 என்பது ஐந்து நிமிடக் கணக்கு.


அரைபைட் – வியாழன் காலை 11:10

நடுவில் புகுந்து பேசுகிறேன், மன்னிக்கவும். இதே வேலைக்கு நான் சிஸ்லாக்-என்ஜி வைத்திருக்கிறேன். அங்கே 10, 2000 என்று எண்ணிக்கைக் கேஷ் எதுவும் நான் கொடுப்பதில்லை. டைம்-ரீப் என்று ஒன்று, இயல்பாக 60 வினாடி. அவ்வளவு நேரம் ஒரு ஃபைலுக்கு வரி வராவிட்டால் மூடிவிடும். அதனால் இந்தப் பந்தி விளையாட்டு நடக்காது. ஆனால் எதிர்ப்பக்கம் ஒரு ஆபத்து இருக்கிறது: பெயர்கள் பெருகினால் ஓப்பன் ஃபைலும் கூடவே ஏறி வரம்பில் போய் முட்டும்.

எண் பார்ப்பது கன்ட்ரோல் கமாண்டில் ஸ்டாட்ஸ் என்று கேட்டால் போதும், அரைப்புள்ளி பிரித்த வரிகளாகக் கொட்டும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை லாகிலும் தானே எழுதும். ஸ்டாட்ஸ் லெவல் 0 என்றால் சோர்ஸ், டெஸ்டினேஷன் மட்டும். 1 வைத்தால்தான் தனித்தனி கனெக்ஷன், தனித்தனி லாக் ஃபைல் வரை தெரியும். 2 வைத்தால் ஹோஸ்ட்வாரியாக. என் முன்னாள் மேனேஜர் “அதிகம் தெரிந்தால் நல்லதுதானே” என்று 3 வைக்கச் சொன்னார். மெமரி ஏறியதைப் பார்த்துவிட்டு அவரே 1க்கு இறக்கச் சொன்னார்.

இன்னொன்று, வரியில் நிலை என்று ஒரு எழுத்து வரும். அனாதை என்பதற்கான எழுத்து வந்தால் அந்தக் கவுன்டருக்கு உரிய ஃபைலோ சோர்ஸோ இப்போது இல்லை, எண் மட்டும் மிச்சம். அதையும் கூட்டிவிட்டு “நம்மிடம் 9,000 ஃபைல் திறந்திருக்கிறது” என்று ஒருமுறை ரிப்போர்ட் கொடுத்தேன். கொடுத்தபிறகுதான் தெரிந்தது.


கேபிள்கட்டு – வெள்ளி இரவு 8:15

பழையமரம் ஐயா, உங்கள் வாயில் சர்க்கரை போட வேண்டும். இல்லை, மிளகாய்.

நேற்று பகல் முழுக்க எவிக்டெட் 0. மேக்ஸ்யூஸ்டு காலையில் 1,180, மதியம் 1,260. ஆறு மணிக்குப் பசங்கள் ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் ஏற ஆரம்பித்தது. 6:40க்கு 2,000. அப்புறம் எவிக்டெட். இன்றும் அதே நேரம், அதே கதை. ட்ராப்ஸ் சில நூறுதான், ஆனால் இருக்கிறது. கேஷை 4,000 ஆக்கிவிடட்டுமா?


பழையமரம் – வெள்ளி இரவு 8:40

ஆக்கலாம், பிறகு 8,000, பிறகு 16,000. மாலையில் உங்கள் கல்லூரிக்குப் புது கம்ப்யூட்டர்கள் வந்து இறங்குகின்றனவா என்ன? பெட்டி அதே 212. புரோகிராம்கள் அதே. அப்படியிருக்க ஃபைல் பெயர் மட்டும் ஏன் பெருகுகிறது?

க்ளோஸ்டைம்அவுட்ஸ் எவ்வளவு என்று சொல்லவில்லையே. அதைத்தான் யாரும் படிப்பதில்லை.


கேபிள்கட்டு – வெள்ளி இரவு 8:52

இன்று காலை 7 மணியிலிருந்து 11,930.


பழையமரம் – வெள்ளி இரவு 9:05

அது அதிகம் தம்பி. டைனாஃபைலுக்கு க்ளோஸ் டைம்அவுட் இயல்பாக 10 நிமிடம். 10 நிமிடம் யாரும் தொடாத ஃபைலை மூடிவிடும். அதைச் செய்கிற ஜானிட்டரே 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் சுற்றி வருவார், அதனால் நடைமுறையில் 10லிருந்து 20 நிமிடம் ஆகும். எப்போதாவது எழுதுகிற கிரான் மாதிரி ஃபைல்கள் மூடித் திறப்பது சகஜம். ஆனால் உங்களிடம் இருப்பதே 1,200 சொச்சம் ஃபைல். அவற்றில் பாதி சுறுசுறுப்பாக இருப்பவை. 12,000 முறை மூடியது என்றால், ஒரு வரி எழுதி அப்புறம் பிறவியிலேயே தொடாத ஃபைல்கள் வந்துகொண்டிருக்கின்றன என்று என் ஊகம்.

ஃபைண்ட் போட்டு, கடந்த 20 நிமிடத்தில் மாறியவற்றில் சைஸ் 1 கேபிக்கும் குறைவானதை எடுத்துப் பெயரைப் பாருங்கள். எண்ணிக்கையை விடுங்கள், பெயரைப் பாருங்கள்.


கேபிள்கட்டு – வெள்ளி இரவு 9:48

பார்த்துவிட்டேன். பார்த்ததிலிருந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

184223.லாக். 184224.லாக். 184225.லாக். இப்படியே போகிறது. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வரி, ஏதோ ஒரு போர்ட் அப், ஒரு போர்ட் டவுன். ஃபோல்டர் பெயர் ஹோஸ்ட்நேம் இல்லை, வெறும் ஐபி. 14 ஃபோல்டர். இரண்டு மாதத்துக்கு முன் ஹாஸ்டலில் மாட்டிய 14 புது ஸ்விட்ச்.

அந்த ஃபோல்டர்களில் எல்எஸ் போட்டால் திரும்பி வரவே இல்லை. ஃபைண்ட் போட்டு எண்ணியதில் மொத்தம் 6,12,000.


நள்ளிரவுஷிஃப்ட் – வெள்ளி இரவு 9:55

ஓ, இது அது! அந்த ஸ்விட்சுகள் செய்திக்கு முன்னால் ஒரு வரிசை எண் போட்டு அனுப்புகின்றன. எண், கோலன், அப்புறம்தான் தேதி. வரியைப் பிரித்துப் படிக்கிற ஆர்சிஸ்லாக்கின் வழக்கமான பார்சர் முதலில் தேதியை எதிர்பார்க்கும், இல்லை. ஹோஸ்ட்நேம் தேடும், எண்ணுக்குப் பின்னால் இடைவெளி இல்லாமல் கோலன் வந்ததால் அதுவும் இல்லை. சரி, அனுப்பியவர் ஐபியையே ஹோஸ்ட் ஆக வைத்துக்கொள்ளும். அடுத்து, கோலன் வரை உள்ளது டேக். ஆகவே டேக் 184223, புரோகிராம்நேம் 184223. ப்ரோ, உங்கள் டெம்ப்ளேட் சொன்னதை அது அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறது. வரிக்கு ஒரு ஃபைல்.

ஆறு மணிக்குப் பசங்கள் லேப்டாப்பைச் சொருக, உருவ, சொருக. வினாடிக்கு இரண்டு மூன்று வரி வந்தாலே 10 நிமிடத்தில் ஆயிரத்துச் சொச்சம் ஃபைல். கேஷ் நிரம்பாமல் என்ன செய்யும்.


பழையமரம் – சனி காலை 6:20

நள்ளிரவுஷிஃப்ட் சொன்னது சரி. தீர்க்க மூன்று வழி. ஸ்விட்சிலேயே அந்த எண்ணை நிறுத்தலாம், ஒரு வரிக் கட்டளை, ஆனால் 14 பெட்டியில் ஏற வேண்டும், 15வது வாங்கும்போது யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். இந்த வகை ஸ்விட்சுகளின் செய்தியைப் புரிந்துகொள்ளவே ஆர்சிஸ்லாக்கில் தனிப் பார்சர் மாட்யூல் இருக்கிறது. ஆனால் பார்சர் என்பது ரூல்செட்டோடு (விதிகளின் தொகுப்பு) ஒட்டியது, ரூல்செட் இன்புட்டோடு ஒட்டியது. ஆகவே ஸ்விட்சுகளுக்கு வேறு போர்ட் கொடுக்க வேண்டும்.

நான் செய்வது இதைவிடச் சோம்பேறித்தனமானது. ஸ்விட்சுகளின் ஐபி ஒரே சப்நெட்டில் இருந்தால், ஃப்ரம்ஹோஸ்ட்-ஐபி அந்தத் தொடக்கத்தோடு வந்தால் ஒரு பெட்டிக்கு ஒரே ஃபைல், அதோடு ஸ்டாப். ஸ்விட்ச் லாகைப் புரோகிராம்வாரியாகப் பிரித்து யாருக்கு என்ன பயன்?

முக்கியமாக ஒன்று. நெட்வொர்க்கில் யாரோ அனுப்புகிற சொல்லை வைத்து உங்கள் டிஸ்க்கில் ஃபைல் பெயர் வைக்கிறீர்கள். இன்று அது வெகுளியான எண். நாளை ஒரு குறும்புக்காரப் பையன் ஹாஸ்டலிலிருந்து 514க்குச் சாய்கோடு, இரட்டைப் புள்ளி எல்லாம் போட்டு ஒரு ஹோஸ்ட்நேம் அனுப்பினால்? டெம்ப்ளேட்டில் அந்தப் பிராப்பர்ட்டிகளுக்கு செக்பாத்-ரீப்ளேஸ் போடுங்கள், சாய்கோட்டை அடிக்கோடாக மாற்றிவிடும். ஃபயர்வாலில் 514ஐ உங்கள் பெட்டிகளின் ஐபிக்கு மட்டும் திறந்து வையுங்கள். இதை முதல் பதிலிலேயே சொல்லியிருக்க வேண்டும், எண்களின் மயக்கத்தில் விட்டுவிட்டேன்.

இன்னொன்று, நேரடியாக நாஸில் எழுதுவதை விடுங்கள். லோக்கல் எஸ்எஸ்டியில் எழுதி, ராத்திரி ரொட்டேட் ஆனதை மட்டும் நாஸுக்குத் தள்ளுங்கள். நாஸ் ஒரு நாள் பதில் சொல்லாமல் நின்றால் உங்கள் லாக் சர்வரும் கூடவே நிற்கும்.


அரைபைட் – சனி காலை 10:30

தலைப்போடு ஒட்டியது என்பதால் கேட்கிறேன். என்னுடைய பழைய சர்வர் ஒன்றில், அதில் ஆர்சிஸ்லாக்தான், ஃபைல்களைக் கூட்டிப் பார்க்கிற டியு போட்டால் 40 ஜிபி, டிஸ்க்கில் நிரம்பியதைக் காட்டுகிற டிஎஃப் போட்டால் 90 ஜிபி. இதை எந்த ஸ்டாட்ஸில் பார்ப்பது?


நள்ளிரவுஷிஃப்ட் – சனி காலை 10:41

இது எந்த ஸ்டாட்ஸிலும் வராது. இதற்குத்தான் எல்எஸ்ஓஎஃப். கூட்டல் குறி, பெரிய எல், 1 என்று கொடுத்தால், பெயர் அழிந்தும் இன்னும் யாரோ பிடித்துக்கொண்டிருக்கிற ஃபைல்கள் வரும். ரொட்டேட் செய்து பழையதை அழித்திருப்பீர்கள், டீமனுக்கு எச்யூபி போயிருக்காது. பழைய ஸ்கிரிப்டில், டீமனின் புராசஸ் எண் இருக்கிற பிஐடி ஃபைலின் பாதை மாறியிருக்கும், பாருங்கள். பெயர் நிலையாக உள்ள ஃபைல்களுக்கு க்ளோஸ் டைம்அவுட் இயல்பாக 0, அதாவது தானாக மூடவே மூடாது.


அரைபைட் – சனி காலை 11:15

பிஐடி ஃபைலேதான். 50 ஜிபி திரும்பி வந்தது. ஸ்கிரிப்டை எழுதியது யார் என்று கிட் வரலாற்றில் பார்த்தேன், பார்த்திருக்க வேண்டாம்.


கேபிள்கட்டு – செவ்வாய் இரவு 10:05

கடைசியாக ஒரு நிலவரம்.

ஸ்விட்சுகளுக்கு ஐபி வைத்துத் தனி ரூல், பெட்டிக்கு ஒரு ஃபைல். செக்பாத்-ரீப்ளேஸ் போட்டாயிற்று. 514ஐ ஹாஸ்டல் பக்கம் அடைத்தாயிற்று, அது இவ்வளவு நாள் திறந்து கிடந்ததை மேலே சொல்லவில்லை. எஸ்எஸ்டிக்கு கொட்டேஷன் கேட்டிருக்கிறேன், கையெழுத்து மூன்று மேசை தாண்ட வேண்டும், அதுவரை நாஸ்தான். ஸ்டாட்ஸ் இப்போது லோக்கல் ஃபைலில் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை, ஜேசன் ஃபார்மட்டில். பக்கத்தில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்து மூன்றே மூன்று விஷயத்துக்கு ஃபோனில் மெசேஜ் வரவைத்திருக்கிறேன்: எவிக்டெட் ஏறினால், மெயின் க்யூ சைஸ் 5,000 தாண்டினால், கர்னல் ட்ராப்ஸ் நகர்ந்தால். ஓப்பன்ஃபைல்ஸுக்கும் ஒன்று வைத்தேன், ஆனால் தலைகீழாக: 800க்குக் கீழே இறங்கினால் சொல்லச் சொல்லி. ராத்திரி 12 மணிக்கு ரொட்டேட் ஆகி எச்யூபி போகும்போது எல்லாம் ஒருசேர மூடுவதால் அந்த இரண்டு நிமிடத்துக்கு மட்டும் விலக்கு. முதல் நாள் அது தெரியாமல் 12:01க்குத் தூக்கத்திலிருந்து எழுந்தேன்.

இன்று 9 மணிக்கு எண்கள்: மேக்ஸ்யூஸ்டு 1,231, எவிக்டெட் 0, ட்ராப்ஸ் 0. ஓப்பன்ஃபைல்ஸ் 1,260.

6,12,000 ஃபைலை ஆர்எம் போட்டேன், ஆர்கியுமென்ட் லிஸ்ட் ரொம்ப நீளம் என்று திட்டியது. அழிப்பதற்கு முன் ஐபிவாரியாக எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகக் கோத்து எடுத்துக்கொண்டேன், 180 நாள் கணக்கு இருக்கிறதே. அப்புறம் ஃபைண்ட் வழியாக டெலீட். சனிக்கிழமை மதியம் ஆரம்பித்தது, நாஸ் ஆயிற்றே, சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது.

வார்டன் கேட்ட 9:14 கிடைக்கவே இல்லை. அதை அவரிடம் சொல்லிவிட்டேன். “சரி விடுங்க, அந்தப் பையனே வந்து ஒப்புக்கிட்டான்” என்றார்.


பழையமரம் – புதன் காலை 6:10

800க்குக் கீழே இறங்கினால் அலாரம். அதை நானும் எடுத்துக்கொள்கிறேன் தம்பி.